வேலையோடு கட்டிய வீடு

மனிதனுக்கு இன்றியமையாதன மூன்று என்பர்: உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம். இவற்றுள் முதலிரண்டையும் ஒருவன் தன் கையுழைப்பால் அன்றாடம் தேடிக்கொள்ளலாம். ஒருவேளை பட்டினி கிடந்து மறுவேளை உண்ணலாம். கந்தலைத் தைத்து உடுத்தலாம். மூன்றாவதாகிய இடம் மட்டும் அத்தன்மையதன்று. அது நிலத்தோடு ஒட்டியது. நிலம் சட்டத்தோடு ஒட்டியது. சட்டம் ஆட்சியோடு ஒட்டியது. ஆகவே, வீடற்றவன் ஒருவனைக் காணும்போது, அவனை மட்டும் பார்த்து அவன் கதையை அறிந்துவிட்டோம் என்று எண்ணுதல் பொருந்தாது. அவன் முதுகுக்குப் பின்னே ஓர் ஊரின் சரித்திரம் நிற்கிறது.

கோலாலம்பூரில் இரவு கடைகள் அடைத்தபின், அஞ்சடிகளில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுப்போரைக் காணாத நகரவாசி இல்லை. அவர்களுள் எல்லா இனத்தாரும் உளர், நம்மவரும் உளர். அவர்களைப் பற்றி நம்மவர் கூறும் விளக்கங்களும் யாவரும் அறிந்தவையே. குடித்துக் கெட்டான் என்பார் ஒருவர். சோம்பிக் கெட்டான் என்பார் மற்றொருவர். தலைவிதி என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். விதியென்று சொல்லிவிட்டால் அப்புறம் ஆராய்ச்சிக்கு இடமேது?

நாம் சரித்திராசிரியர் அல்லோம். தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர். ஆயினும், செக்ரோல் என்னும் வேலையாள் பதிவேட்டை நாள்தோறும் புரட்டும் கைக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அப்பதிவேட்டில் பெயர் உள்ளவரையில்தான் லயத்தில் வீடு. பெயர் நீங்கிய நாளில் வீடும் நீங்கும். இந்த ஒரு விதியை விளக்காகப் பிடித்துக்கொண்டு, கோலாலம்பூர் முதல் கிள்ளான் வரையுள்ள நிலத்தின் நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தைப் பார்த்தால், அஞ்சடியில் படுத்திருப்பவன் எவ்வழியாய் அங்கு வந்தான் என்பதும், நகரசபை அவனை ஏன் காணாதிருந்தது என்பதும் விளங்கும்.

ஊர் எழுந்த வகை

கோலாலம்பூர், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் ஈயம் தேடி வந்தோர் போட்ட குடியிருப்பு. பலகையும் அத்தாப்புமாய் நின்ற அவ்வூருக்கு 1881-ம் ஆண்டு இருமுறை அழிவு நேர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் தீ. ஆண்டின் இறுதியில் வெள்ளம். 1882-ல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் என்பார், நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் புதுக்கிக் கட்டவேண்டுமென்று ஆணையிட்டார். 1884 முதல் அப்பணி நடந்தது. அதற்கு வேண்டிய செங்கல் சுட்ட சூளைகள் ஊருக்குத் தெற்கே இருந்தன. செங்கற்களம் என்னும் பொருளுடைய பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அவ்விடத்துக்கு அதனாலேயே வழங்கலாயிற்று. 1886-ல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1890-ல் சானிட்டரி போர்டு என்னும் சுகாதார சபை ஏற்பட்டது. இன்றைய மாநகர் மன்றத்துக்கு அதுவே மூலம்.

பெயரைக் கவனிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். அது வீட்டுச் சபையன்று, சுகாதார சபை. சாக்கடை, குப்பை, அம்மை, பேதி, தீப்பிடிக்கும் கூரை ஆகியவையே அதன் கவலைகள். குடிசை ஒன்றைக் கண்டால் ‘இதில் இருப்பவனுக்கு வேறு வீடு உண்டா?’ என்று கேட்பது அதன் கடமையாகக் கருதப்படவில்லை. ‘இதனால் நோய் பரவுமா? தீப்பரவுமா?’ என்பதே அது கேட்ட கேள்வி. கேள்வி தவறன்று; அம்மையும் பேதியும் ஏழையையே முதலில் கொன்றன. ஆனால் அக்கேள்விக்கு வரக்கூடிய விடை பெரும்பாலும் ஒன்றே: இடி, அகற்று. பிறந்தபோது கற்றுக்கொண்ட இப்பழக்கம், சபை வளர்ந்து 1948-ல் முனிசிபாலிட்டியாகி, 1972-ல் மாநகர் என்ற பட்டம் பெற்ற பின்னரும் அதனை விட்டு நீங்கவில்லை.

செக்ரோலும் வீடும்

அங்ஙனமாயின், ஊரைக் கட்டவும் ரயில் பாதை போடவும் ரப்பர் மரம் வெட்டவும் கடல் கடந்து வந்த பல்லாயிரம் தமிழர்க்கு வீடு கொடுத்தவர் யார்? வேலை கொடுத்தவரே கொடுத்தார். ரயில்வே தன் ஊழியருக்குப் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் வீடுகள் கட்டிற்று. பிரிக்பீல்ட்ஸில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் எனப் பெயர்பெற்ற வரிசை வீடுகளில் அரசாங்க ஊழியர் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்தன. தோட்டங்களில் லயங்கள் எழுந்தன. 1910 வரை ஒப்பந்தக் கூலியாகவும், பின்னர் 1938 வரை கங்காணி அழைப்பிலும் வந்த நம்மவர், பத்தடிச் சதுரமான லயத்து அறையிலே குடித்தனம் நடத்தினர்.

நியாயம் பேசுவோர் இரு பக்கத்தையும் சொல்லவேண்டும். லயத்து வீட்டுக்கு வாடகையில்லை. தண்ணீர் உண்டு; சட்டம் இறுகிய பின்னர் மருந்தும் பள்ளியும் சிறுகச் சிறுக வந்தன. பட்டணத்தில் ஓர் அறைக்குக் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து நெருக்கியடித்துக் கிடந்தவரைவிட லயத்தவர் ஒருவகையில் வசதி பெற்றவரே. ஆனால் வாடகையில்லாத அவ்வீட்டின் உண்மையான வாடகை யாது? வேலையே வாடகை. துரையோடு மாறுபட்டால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளி போகும். ஒரு கயிற்றில் நான்கு முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் நான்கும் அவிழும்.

இக்கயிறு எவ்வளவு வலியது என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். உலகெங்கும் வியாபாரம் விழுந்து ரப்பர் விலை சரிந்த 1930-ம் ஆண்டையும் அதற்கடுத்த ஆண்டுகளையும் எடுத்துக்கொள்க. அப்போது வேலையற்றுப்போன தமிழ்த் தொழிலாளர் லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். வேலை தீர்ந்தது, ஆகவே வீடும் தீர்ந்தது, ஆகவே நாடும் தீர்ந்தது. நகரசபை அவர்களைப் பற்றிக் கவலைப்படவேண்டிய அவசியமே நேரவில்லை. கப்பல் அக்கவலையைத் தீர்த்துவிட்டது.

இரண்டாவது சான்று 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதன் என்பாரும் முன்னின்ற அப்போராட்டத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைச் சிலர் கூலி உயர்வு என்ற ஒன்றாகச் சுருக்கிவிடுவர். அவற்றுள் சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி உண்டு. துரையின் எதிரில் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டாம் என்பது உண்டு. கள்ளுக்கடையை மூடுக என்பதும் உண்டு. அவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக இடந்தரவேண்டும் என்ற ஒன்றும் இருந்தது. மாமன் மச்சான் வந்து எட்டிப்பார்க்க இன்னொருவர் உத்தரவு வேண்டுமானால், அதனை வீடு என்பது எங்ஙனம்? தன் வீடு தன் வீடன்று என்பதை அத்தொழிலாளர் நன்கு உணர்ந்திருந்தனர். அவர்களைக் குடிகாரரென்று இகழ்வோர், கள்ளுக்கடையை மூடச் சொன்னவரும் அவர்களே என்பதை நினைப்பாராக. நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்; கயிறு அறுபடவில்லை.

இவ்விதி கூலிக்கு மட்டுமன்று. கிராணிக்கும் இதுவே. அவன் இருக்கும் வீட்டுக்கு முன்னால் நாலு பூச்செடி கூடுதலாக இருக்கலாம். ஓய்வு பெறும் நாளில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடக்கவேண்டியவனே.

புறம்போக்கு

யுத்தம் முடிந்தது, 1948-ல் அவசரகாலம் வந்தது. காட்டோரத்தில் குடிசை போட்டிருந்த ஏறத்தாழ 5 லட்சம் மக்களை, பெரும்பாலும் சீனரை, அரசாங்கம் 1950 முதல் சில ஆண்டுகளுக்குள் 400-க்கு மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றிற்று. முள்வேலியும் காவலும் ஊரடங்கும் கொண்ட அக்குடியேற்றத்தை நாம் புகழவில்லை. அதிலிருந்து ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: அரசாங்கம் அவசரம் என்று கருதினால், சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஊர்களை உண்டாக்க முடியும். அதே காலத்தில் கோலாலம்பூரின் நெருக்கத்தைக் குறைக்க, எபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டம் பெட்டாலிங் ஜெயா நகரமாக மாறத் தொடங்கிற்று.

தோட்டம் நகரமாகும் கதைக்கு அது முதல் அத்தியாயம். 1950-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர் துண்டுபோட்டு விற்றனர். இத்துண்டாடலால் விளைந்த கேட்டைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து 1963-ல் எடுத்துக்காட்டினார். 1960-ல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிற்று. அது மதிக்கத்தக்க தற்காப்பு. ஆயினும் அம்முயற்சி எட்டாத தோட்டங்களே மிகுதி. பின்னர் சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. 1970-களிலிருந்து சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறிற்று. மரம் விழுந்த இடத்தில் மாளிகை எழுந்தது. மரத்தை வளர்த்தவன் எங்கே போனான்?

கணக்கெழுதுவோர் முறையில் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1980-ம் ஆண்டு வந்த பணிநிறுத்த நஷ்டஈட்டு விதிகளின்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாட்கூலி. 30 ஆண்டு பால்மரம் வெட்டியவனுக்கு 600 நாட்கூலி கிடைக்கும். நாளொன்றுக்கு 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் 9,000 வெள்ளி. அக்காலத்தில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வகுத்த விலையோ 25,000 வெள்ளி. உழைப்புக்கு ஈடு எழுதிய அவ்விதிகளில், பறிபோகும் வீட்டுக்கு ஈடாக ஒரு வரியும் இல்லை. ஏன் இல்லை? வீடு அவனுடையதென்று எவரும் எண்ணவில்லை. அது வேலையின் வால். தலை போனபின் வாலுக்கு ஈடு கேட்பாருண்டோ?

இவ்வாறு வெளியேறியோர், பட்டணத்தின் ஓரத்தில், ஆற்றங்கரையிலும் ரயில் பாதையோரத்திலும் பலகைக் குடிசை போட்டனர். தோட்டங்களிலிருந்து இவ்விதம் பெயர்ந்த நம்மவர் 1980 முதல் 20 ஆண்டுகளில் 3 லட்சம் என்று மதிப்பிடுவோர் உண்டு. கம்பத்திலிருந்து வேலை தேடி வந்த மலாய்க்காரரும், நகர நெருக்கத்தால் தள்ளப்பட்ட சீனரும் அவ்வாறே குடியேறினர். 1980-ல் கோலாலம்பூர் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் புறம்போக்கு வாசிகள். நாலில் ஒருவன் குற்றவாளியாயிருக்கும் நகரத்தில், குற்றம் அவனிடம் இருக்குமோ, நகரத்தின் அமைப்பில் இருக்குமோ என்று சிந்திக்கவேண்டாமா? சட்டம் அப்படிச் சிந்திக்கவில்லை. 1969-ன் நெருக்கடி காலத்தில் பிறந்த புறம்போக்குக் குடிகளை அகற்றும் விதிகள், கோர்ட்டுக்குப் போகாமலே குடிசையை இடிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தன. நெருக்கடிநிலைப் பிரகடனங்களை நாடாளுமன்றம் நீக்கியது 2011-ம் ஆண்டின் இறுதியிலேதான்.

இடிக்கப்பட்ட குடிசைக்காரருக்குச் சிலவிடங்களில் ‘நீண்ட வீடு’ என்னும் பலகை வரிசை கொடுக்கப்பட்டது. சிலகாலத்துக்கென்று தரப்பட்ட அவ்வீடுகளில் பல ஆண்டுகள் கழிந்து, குழந்தைகள் பிறந்து வளர்ந்து மணமும் செய்துகொண்டனர். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவுக்கு அருகேயுள்ள கம்போங் மேடானில் மூண்ட கலவரத்தில் 6 பேர் மாண்டனர். அவர்களுள் நம்மவரே பெரும்பாலோர். அதனை வெறும் இனச்சண்டை என்று எழுதி முடித்தவர்கள், சண்டை மூண்ட நிலம் எத்தகையது என்பதை எழுதவில்லை. புறம்போக்குக் குடிசையும் நீண்ட வீடும் நெருங்கிய அந்த நிலத்தில், நாளை எங்கே இருப்போம் என்றறியாத ஏழைகள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு வாழ்ந்தனர். ஒரு சிறு பொறிக்கு அதனினும் உலர்ந்த சருகு வேறு வேண்டுமோ?

மாடி வீடுகள்

நகரசபை ஒன்றுமே செய்யவில்லையென்று சொல்வது பொய்யாகும். 1960-களில் பெகெலிலிங் சாலையில் 17 மாடிக் கட்டடங்கள் ஏழும் 4 மாடிக் கட்டடங்கள் நான்கும் எழுந்தன. மொத்தம் 2,969 வீடுகள். அரை நூற்றாண்டு ஏழைகளைத் தாங்கிய அக்கட்டடங்கள் இன்று இல்லை. 1998-ல் மக்கள் வீடமைப்புத் திட்டம் வந்தது, பி.பி.ஆர். என்று சொன்னால் பட்டணத்தில் யாவரும் அறிவர். புறம்போக்கு இல்லாத நகரம் என்ற நோக்கத்தோடு அடுக்கு மாளிகைகள் விரைந்து எழுந்தன. மூன்று படுக்கையறை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், மாத வாடகை 124 வெள்ளி. பலகைக் குடிசையில் ஒழுகும் கூரையின் கீழ்ப் பிள்ளை பெற்ற தாய்க்கு இது சிறிய காரியமன்று. பாராட்டவேண்டியதைப் பாராட்டாத கண்டனம் செல்லாது.

ஆனால் இம்மாடிகள் எதற்காக எழுந்தன? நிலத்தைக் காலிசெய்வதற்காக. சுகாதார சபையின் பழைய பழக்கம் புதிய உருவில் வந்தது. முன்பு இடித்துவிட்டுப் போனார்கள். இப்போது இடித்து அடுக்கினார்கள். குடிசைக்கு ஒரு வீடு என்று எண்ணினார்களேயன்றி, குடும்பத்துக்கு எத்தனை வீடு வேண்டும் என்று எண்ணவில்லை. ஒரு குடிசையில் தகப்பனும், மணமான இரு மக்களும், பேரப்பிள்ளைகளும் இருந்தால், அத்தனை பேருக்கும் மாடியில் ஒரு வீடு. கோழி வளர்க்கவும் கீரை போடவும் பலகாரம் சுட்டு விற்கவும் இருந்த முற்றம் போயிற்று. மின்தூக்கி பழுதானால் கிழவிக்குப் பதினைந்தாம் மாடியே சிறை.

யுனிசெப் என்னும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களையும் 2,142 பிள்ளைகளையும் ஆராய்ந்தனர். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். 15 பேர் எடை குறைந்திருந்தனர். அதே 2018-ம் ஆண்டு ஜனவரியில், பந்தாய் வட்டாரத்துப் பி.பி.ஆர். ஒன்றில் மேல்மாடியிலிருந்து எறியப்பட்ட நாற்காலி விழுந்து, கீழே நடந்துவந்த 15 வயதுத் தமிழ்ச் சிறுவன் மாண்டான். எறிந்தவன் செய்தது கொடுமை, அதில் ஐயமில்லை. ஆயினும், குப்பையைக் கீழே கொண்டுபோவதே ஒரு பயணமாகும்படி மனிதரைப் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிவிட்டு, பழுது பார்ப்பதிலும் பராமரிப்பதிலும் கைசோர்ந்துவிட்டால், அக்கட்டடம் நாளடைவில் நின்றுகொண்டிருக்கும் சேரியாகிவிடும். படுத்திருந்த சேரியை எழுப்பி நிறுத்துவது சேரி ஒழிப்பு ஆகாது.

1977-ன் இரண்டு சட்டங்கள்

குடிசையுடையவன் எண்ணப்பட்டான், அவனுக்கு மாடியேனும் கிடைத்தது. குடிசையும் இல்லாதவன்? தோட்டம் மூடியபின் காவல்காரனாகவும், கடை எடுபிடியாகவும் வேலை செய்து, வேலை கொடுத்தவர் கடையின் பின்கட்டிலேயே படுத்து, முதுமையில் வேலை போனபோது படுக்கையும் போன தனியாளை நினைத்துப் பாருங்கள். லயத்தில் அவன் தகப்பனைக் கட்டியிருந்த அதே கயிறே அவனையும் கட்டியிருந்தது. வீட்டு மனுத்தாள் அவனிடம் விலாசம் கேட்கிறது. வருமானச் சான்று கேட்கிறது. குடும்ப விவரம் கேட்கிறது. பிரஜை என்பதற்கு அடையாள அட்டை கேட்கிறது. தோட்டத்தில் பிறப்புப் பதியப்படாமற்போன சிலருக்கு அந்த அட்டையும் இல்லை. வீடு இல்லாதவன் வீடு கேட்க, முதலில் ஒரு வீட்டு விலாசம் வேண்டுமென்பது வேடிக்கையன்றோ!

1977-ம் ஆண்டு இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டில் பிரிட்டனில் வீடற்றோர் வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறிற்று. குழந்தைகளோடு இருப்போர், முதியோர், நலிந்தோர் ஆகியவர் வீடற்றுப்போனால், அவர்களுக்கு வீடு கிடைக்கச் செய்வது உள்ளூர் நகரசபையின் கடமை என்று அச்சட்டம் கூறிற்று. அதே ஆண்டில் நமது நாட்டில் ஆதரவற்றோர் சட்டம் நிறைவேறிற்று. பிச்சையெடுப்போரையும், பிழைப்பும் இருப்பிடமும் இன்றிப் பொதுவிடத்தில் காணப்படுவோரையும் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தி, மூன்றாண்டு வரை நலன்காப்பு இல்லத்தில் வைக்க அச்சட்டம் வழிசெய்தது. இல்லத்தில் சோறும் படுக்கையும் உண்டு, நோக்கமும் தீயதன்று. ஆயினும் வேற்றுமையை நோக்குக. ஒரே ஆண்டு, ஒரே துன்பம். அங்கே ஏழை கதவைத் தட்டுகிறான், சபை திறக்கக் கடமைப்பட்டது. இங்கே சபை ஏழையைத் தேடுகிறது, பிடிப்பதற்கு.

பின்னர் மனப்பான்மை சிறிது மாறியதையும் மறைக்கவேண்டாம். 2011-ல் ஹங் லெக்கியூ சாலையில் ‘அஞ்சோங் சிங்கா’ என்னும் தற்காலிக விடுதி திறந்தது. 2014 ஜூலையில் நகரின் நடுவே 2 கிலோமீட்டர் எல்லைக்குள் இலவசச் சோறு வழங்கலாகாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோது, பொதுமக்கள் எதிர்ப்பால் அது நடைபெறாமற்போயிற்று. அதன்பின் பகாங் சாலையில் வீடற்றோர்க்கு இடைத்தங்கல் நிலையம் ஒன்று ஏற்பட்டது. 2020-ல் கொரோனாத் தொற்றுக் காலத்தில், வீதியிலிருந்தவர்களை மண்டபங்களில் தங்கவைத்துச் சோறளித்து மருத்துவரும் பார்த்தனர். நேற்றுவரை முடியாதென்றிருந்தது, நோய் பரவும் என்ற அச்சம் வந்ததும் சில நாளில் முடிந்தது! 1890-ல் பிறந்த சுகாதார சபை மீண்டும் விழித்துக்கொண்டது போலும். நோய்க்கு அஞ்சித் திறக்கும் கதவு, நோய் நீங்கியதும் மூடிக்கொள்ளும். கடமையென்று திறக்கும் கதவே திறந்திருக்கும்.

கேட்பார் யார்?

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பர் சிலர். 1961 மே மாதம் சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ என்னுமிடத்தில் தீப்பற்றி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். சிங்கப்பூர் அப்போது செல்வ நாடன்று. முந்திய ஆண்டுதான் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவர்களுக்கு ஓராண்டளவில் வீடு கண்டுகொடுத்தது. பணம் பின்னால் வந்தது. கடமை என்ற எண்ணம் முன்னால் வந்தது.

கடமை என்ற எண்ணம் சபைக்கு எங்கிருந்து வரும்? கேட்பவனிடமிருந்து வரும். கோலாலம்பூர் மக்கள் 1952 பிப்ரவரியில் முதன்முதலாக வாக்களித்து நகரசபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். 1960-ல் வந்த கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் அதனை முடித்து, நியமன ஆணையர் ஆட்சியைக் கொண்டுவந்தது. 1965-ல் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர் ஒரு தமிழர். செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையே வேண்டுமென்று அக்குழு கூறிற்று. 1976-ன் ஊராட்சிச் சட்டமோ நியமனத்தையே நிலைநாட்டிற்று. மாநகர்த் தலைவரும் நியமனமே. கிள்ளானிலும் பிற ஊர்களிலும் மன்ற உறுப்பினரும் நியமனமே. வாக்குக் கேட்டு ஒருவரும் லயத்துக்கும் மாடிக்கும் வரவேண்டியதில்லையாகையால், ஒழுகும் குழாயைப் பற்றியும் நிரம்பாத மனுவைப் பற்றியும் கேட்கவேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லை.

ஆகவே நாம் கேட்பன சில. தோட்டமோ குவார்ட்டர்ஸோ மூடப்படுமானால், நிலத்தை மாற்ற அனுமதி தருமுன், அங்கு குடியிருப்போர்க்கு அவ்வட்டாரத்திலேயே சொந்த வீடு எழுந்திருக்கவேண்டும். அனுமதி ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது, அதனைப் பேரமாகப் பயன்படுத்த அதற்குத் தடையில்லை. தனியாளான முதியோர்க்குச் சிறு அறைகள் கொண்ட வாடகை வீடுகள் வேண்டும். வீடு கேட்டு மனுச்செய்தோர் எத்தனை பேர், எத்தனை ஆண்டு காத்திருக்கின்றனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடவேண்டும். செக்ரோலில் ஒரு நாள் பிழைத்தால் கிராணியைக் கேள்வி கேட்கும் உலகம், மக்கள் காத்திருக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் கணக்குக் கேட்கவேண்டாமா?

நம்மவரிடமும் ஒரு சொல். பட்டணத்தில் நமது சங்கங்கள் எழுப்பிய மண்டபங்களில் கலியாணம் நடக்கிறது, பாராட்டுக் கூட்டம் நடக்கிறது, மாலை விழுகிறது. இரவெல்லாம் அவை பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் வாயிற்படியில் ஒருவன் படுத்திருக்கிறான். மனுத்தாள் நிரப்பித் தரவும், பிறப்புச் சான்றுக்கு அலைந்து உதவவும், மாடிகளில் குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டவும் படித்த இளைஞர் மாதத்தில் இரண்டு ஞாயிறு கொடுத்தால், விதியென்று சொல்லப்படுவதில் பாதி விலகும். தோட்டங்களில் இன்று பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் நம்மவர் விட்ட லயங்களில் இருக்கின்றனர். அவர்கள் கழுத்திலும் இருப்பது அதே கயிறுதான். அதனை அவிழ்க்கக் கேட்கும்போது அவர்களையும் சேர்த்தே கேட்பது நேர்மை.

பிரிக்பீல்ட்ஸுக்கு 2010-ல் ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயரும் வண்ண வளைவுகளும் கிடைத்தன. 2014-ல் அதே ஊரின் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கிள்ளான் 2024-ல் அரச மாநகர் ஆயிற்று. ஊர்களுக்குப் பட்டம் கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஊரின் பெருமை வளைவிலும் பட்டத்திலும் இல்லை. வேலை முடிந்த மறுநாளும் மனிதன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியுமா என்பதே அதற்கு அளவுகோல். வேலை உள்ளவனுக்கு வீடு கொடுப்பது வியாபாரம். மனிதனாகப் பிறந்தவனுக்கு வீடு கிடைக்கச் செய்வதே ஆட்சி.